கடைசி வண்டி போன பிறகு

மகள் கொல்லிமலையிலிருந்து வீடு வந்து சேர்ந்தபோது இரவு பதினொன்று. காலையில் அவள் எழுவதற்குள் முதுகுப் பையைத் துவைக்கப் போட்டுவிடலாமென்று அடுப்படித் தரையில் வைத்துப் பிரித்தேன். ஈரத் துணிகளுக்கு அடியில் செய்தித்தாளில் சுற்றிய ஒரு பொட்டலம். நூலை அறுத்ததும் பாசியும் ஈர மண்ணும் கலந்த ஒரு வாசனை எழுந்தது. உள்ளே கட்டைவிரல் மொத்தத்தில் ஐந்தாறு துண்டுகள். பழுப்பு மயிர் அடர்ந்து, வாட்டாத ஆட்டுக்கால் போலவே இருந்தன.

முடவாட்டுக்கால் கிழங்கு. பாறையிலும் மரத்திலும் பற்றி வளரும் ஒரு பெரணியின் கிழங்கு அது. இப்போது தெருமுனைத் தள்ளுவண்டியில்கூட ‘சைவ ஆட்டுக்கால் சூப்’ என்று பலகை மாட்டி விற்கிறார்கள். நான் முதன்முதலில் அதைப் பார்த்தது ஒரு கிழவியின் மடியில். அரிக்கேன் வெளிச்சத்தில், அரிவாள் முனையால் அதன் மயிரைச் சீவிக்கொண்டிருந்தாள். வெளியே மழை. உள்ளே நாங்கள் நான்கு பேர், நனைந்த பாவாடை தாவணியோடு, கடைசி வண்டியை விட்டுவிட்ட பயத்தோடு.

நாமக்கல் தனி மாவட்டம் ஆகாத காலம் அது. கொல்லிமலை சேலம் மாவட்டத்தில் இருந்தது. நாங்கள் திருச்சியில் விடுதியில் தங்கிப் படித்தவர்கள். விடுதியில் யாருக்கும் சொந்தப் பெயர் நிலைக்காது, ஊர்ப் பெயர்தான். நான் லால்குடி. மற்றவர்கள் துறையூர், சேந்தமங்கலம். இலக்கியம் படித்தவளுக்கு மட்டும் ‘தமிழ்’. தேர்வு முடிந்து, மதிப்பெண் பட்டியல் வாங்க ஆனி மாதத்தில் மறுபடி கூடினோம். இனி எப்போது நால்வரும் சேர்வோம் என்று தெரியவில்லை. சேந்தமங்கலம்தான் சொன்னாள்: “எங்க ஊருக்கு வாங்கடி. மலைக்குப் போயிட்டு வரலாம்.”

வீட்டில் மலை என்று சொன்னால் விடமாட்டார்கள். அறப்பளீஸ்வரர் கோயில் என்று சொன்னோம். கோயிலுக்கு என்றால் எங்கள் வீடுகளில் மறுபேச்சு இல்லை.

முதுகுப் பை என்று அன்று எங்களிடம் இருந்தது ஒன்றே ஒன்று. துறையூர் என்.சி.சி.யில் இருந்தவள், அவளுடைய பச்சைக் கித்தான் பை. மற்றவர்களுக்கு ரெக்சின் பையும் வயர் கூடையும். திருச்சியிலிருந்து முசிறி, தொட்டியம் வழியாகக் காவிரியை ஒட்டியே பேருந்து போயிற்று. ஒரு பக்கம் வாழை, ஒரு பக்கம் கோரை. முசிறி தாண்டியதும் சாலையோரத்தில் கோரையை அரிந்து காயப் போட்டிருந்தார்கள். நாமக்கல்லில் ஒற்றைப் பாறையின்மேல் கோட்டை தெரிந்ததும் தமிழ் எழுந்து நின்று கைகூப்பினாள். கூரையில்லாமல் வெயிலிலும் மழையிலும் நிற்கும் ஆஞ்சநேயருக்குத்தான் அந்தக் கும்பிடு.

அன்று இரவு சேந்தமங்கலத்தில் தங்கினோம். அவளுடைய அப்பாவுக்குக் கடைவீதியில் சின்ன மளிகைக் கடை. மலைக்காரர்கள் மிளகும் புளியும் கொண்டுவந்து போட்டு, உப்பும் எண்ணெயும் வாங்கிப் போவார்கள். மறுநாள் விடிகாலையில் எங்களை மலை வண்டியில் ஏற்றிவிட்டவர் அவர்தான். கண்டக்டரிடம், “நம்ம புள்ளைங்க. சாயங்காலம் கடைசி வண்டியில திரும்பிருவாங்க” என்றார். கண்டக்டர் எங்களை ஒருமுறை எண்ணிப் பார்த்துக்கொண்டார். அவ்வளவுதான்.

அந்தப் பேருந்தை நான் இன்னும் மறக்கவில்லை. மற்ற வண்டிகளைவிடச் சற்றுக் குட்டை. கூரைமேல் அரிசி மூட்டை, சிமென்ட், மண்ணெண்ணெய்ப் பீப்பாய், ஒரு இரும்புக் கட்டில். உள்ளே சீட்டுக்கடியில் கோழிகள். கடைத்தெரு முடிவதற்குள் ஓர் ஆள் ஓடிவந்து மாத்திரைச் சீட்டும் பணமும் கண்டக்டர் கையில் திணித்தார். காளப்பநாயக்கன்பட்டியில் வண்டி நின்றபோது கண்டக்டரே இறங்கி மருந்துக் கடைக்குப் போய் மாத்திரை வாங்கி, சட்டைப் பையில் போட்டுக்கொண்டு ஏறினார். ஒரு பெண் தூக்குச்சட்டியை டிரைவர் பக்கத்தில் வைத்துவிட்டு, “சோளக்காட்டுல எங்க வூட்டுக்காரர் நிப்பாரு” என்று சொல்லி இறங்கிப் போனாள். பணம் கேட்கவுமில்லை, கொடுக்கவுமில்லை.

காரவள்ளிதான் அடிவாரம். அங்கிருந்து சோளக்காடு வரை 70 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றுக்கும் எண் எழுதிய பலகை உண்டு. எண்ணிக்கொண்டே போக வேண்டுமென்று தீர்மானித்திருந்தோம். பன்னிரண்டாவது வளைவில் நான் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டிவிட்டேன். முன்சீட்டில் இருந்த ஒரு மலைக்காரப் பெண் திரும்பி, முந்தானை முடிச்சை அவிழ்த்து, ஓர் எலுமிச்சம்பழத்தை எடுத்து நகத்தால் கீறி என் மூக்கருகே பிடித்தாள். “வளைவைப் பாக்காத கண்ணு, தூரத்து மலையப் பாரு” என்றாள். அந்த ஒரு வாக்கியம் என் மலைப் பயணங்களுக்கெல்லாம் இன்றுவரை போதுமானதாக இருக்கிறது.

கீழே முள்ளும் வேலமுமாக இருந்த காடு, ஏற ஏற மூங்கிலாகி, பின் சில்வர் ஓக் மரங்களாயிற்று. மரத்துக்கு மரம் மிளகுக்கொடி. காற்று குளிர்ந்ததும் துறையூர் தன் என்.சி.சி. சட்டையை எடுத்து எனக்குப் போர்த்தினாள். நாற்பதைத் தாண்டிய ஏதோ ஒரு வளைவில், வீடோ வழியோ கண்ணுக்குத் தெரியாத இடத்தில், விசில் ஊதி வண்டியை நிறுத்தினார் கண்டக்டர். டவுசர் போட்ட ஒரு பையன் பாறைமேல் உட்கார்ந்திருந்தான். அவன் கையில் மாத்திரையைக் கொடுத்து, “காலைல ஒண்ணு, ராத்திரி ஒண்ணு. தாத்தாகிட்டச் சொல்லு, சோத்துக்கு அப்புறம்” என்று சொல்லி, அவனைத் திருப்பிச் சொல்ல வைத்துக் கேட்டுவிட்டுத்தான் வண்டியை எடுக்கச் சொன்னார்.

மலையில் பல ஊர்கள் சேர்ந்த பகுதியை நாடு என்பார்கள். வளப்பூர் நாடு, வாழவந்தி நாடு, குண்டூர் நாடு, தின்னனூர் நாடு என்று கண்டக்டர் சொல்லச் சொல்ல, ஏதோ பழைய அரசர்களின் பட்டியலைக் கேட்பதுபோல் தமிழ் கண்ணை மூடிக்கொண்டாள். செம்மேட்டில் வல்வில் ஓரியின் சிலைக்கு முன் இறங்கி நின்றபோது அவளுடைய முறை வந்தது. ஒரே அம்பில் யானையையும் புலியையும் மானையும் பன்றியையும் உடும்பையும் துளைத்தானென்று வன்பரணர் பாடிய கதையைச் சொன்னாள். பிறகு, காரி என்பவன் ஓரியைக் கொன்று இந்த மலையைச் சேரனுக்குக் கொடுத்ததையும் சொன்னாள். பக்கத்தில் பலாப்பழ மூட்டைமேல் உட்கார்ந்திருந்த பெரியவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “ஓரி ராசா எங்க ஆளு. கொன்னவன் பேரு எதுக்கு நமக்கு?” என்றார். ஆடி மாதம் ஓரிக்கு அரசு விழா எடுக்கிற செய்தியைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்தப் பெரியவர் நினைவு வரும்.

அங்கே வாழும் பழங்குடிகளுக்கு மலையாளி என்று பெயர். கேரளத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை, மலையை ஆள்பவர்கள், தமிழ்தான் பேச்சு. காஞ்சிபுரத்திலிருந்து அண்ணன் தம்பிகள் மூவர் வந்து, சேர்வராயன், பச்சைமலை, கொல்லிமலை என்று பிரிந்து குடியேறினார்கள் என்பது அவர்கள் சொல்லும் வம்சக் கதை.

செம்மேட்டிலிருந்து கோயிலுக்கு வேறு வண்டி மாறவில்லை. அதே வண்டி, அதே கண்டக்டர். அறப்பளீஸ்வரர் கோயில் வளப்பூர் நாட்டில் இருக்கிறது. அப்பர் வாக்கில் அறைப்பள்ளி என்று வருவது இந்த ஊர்தான். அம்பலவாணக் கவிராயர் ஒரு சதகமே பாடியிருக்கிறார். பக்கத்தில் ஓடும் ஐயாற்றில் மீன்களுக்குப் பொரி போட்டுவிட்டுத்தான் சாமி கும்பிடுவார்கள். பிடித்து அறுத்துச் சமைத்த மீன் மறுபடி பொருந்தி நீருக்குள் துள்ளியது என்று தல புராணம். நாங்களும் பொரி போட்டோம். அந்த ஐயாறு கொஞ்ச தூரம் ஓடி, பள்ளத்தாக்கில் குதிக்கும் இடம்தான் ஆகாய கங்கை. கீழே போக ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள். சில இடங்களில் படி என்று சொல்ல முடியாது. கல்லைப் பிடித்து உட்கார்ந்து உட்கார்ந்துதான் இறங்க வேண்டும்.

அருவியைப் பற்றி நான் எழுதப் போவதில்லை, அதை யாராலும் சரியாக எழுத முடியாது. அங்கே நடந்த ஒன்றை மட்டும் சொல்கிறேன். நாங்கள் மூவரும் சாரலில் நின்று கூச்சலிட்டுக்கொண்டிருக்க, துறையூர் மட்டும் ஒரு பாறையில் உட்கார்ந்து தண்ணீர் போகும் திசையையே பார்த்துக்கொண்டிருந்தாள். “என்னடி?” என்று போய்க் கேட்டேன். “இது புளியஞ்சோலைக்குப் போற தண்ணிடி” என்றாள். மலைக்கு அந்தப் பக்கம், அடிவாரத்தில் இருக்கிறது புளியஞ்சோலை. அவளுடைய பாட்டி வீட்டிலிருந்து சிறு வயதில் மாட்டு வண்டி கட்டிக்கொண்டு போய்க் குளித்த ஆறு. ஒவ்வொரு வருடமும், “இந்தத் தண்ணி எங்கிருந்து வருது பாட்டி?” என்று கேட்பாளாம். “அது மேலேருந்து வருது” என்று மட்டும் சொல்வாளாம் பாட்டி. பாட்டி இறந்து நான்கு மாதம் ஆகியிருந்தது. துறையூர் காதிலிருந்த ரோஜாவை, காலையில் சேந்தமங்கலத்தின் அம்மா வைத்துவிட்டது, எடுத்து ஓடையில் விட்டாள். அது சுழன்று சுழன்று பாறைக்கிடையில் மறையும்வரை நாங்களும் நின்றோம்.

நேரம் அங்கேதான் போயிற்று. ஏறத் தொடங்கியபோது மழை பிடித்துக்கொண்டது. படிகளில் தண்ணீர் வழிந்தது. முந்நூறு படிக்கு ஒருமுறை நின்று, தொடையைப் பிடித்துக்கொண்டு, மூச்சு வாங்கி ஏறினோம். மேலேயிருந்து ஹாரன் சத்தம் கேட்டது. நீளமாக ஒன்று. கொஞ்சம் பொறுத்து இன்னொன்று. பிறகு மூன்றாவது. “நமக்குத்தாண்டி அடிக்கிறாரு” என்று சேந்தமங்கலம் அழத் தொடங்கினாள். நான்காவது ஹாரன் தூரத்தில் கேட்டது.

கோயில் வாசலுக்கு வந்தபோது இருட்டிவிட்டது. வண்டி போன தடத்தில் மழைத்தண்ணீர் நின்றிருந்தது. டீக்கடைத் திண்ணையில் ஒரு கிழவி அரிக்கேன் விளக்கோடு உட்கார்ந்திருந்தாள். எங்களைப் பார்த்ததும் எழுந்து, எண்ணினாள். “நாலு. கண்டக்டரு நாலுன்னுதான் சொன்னாரு. வாங்க சாமி, வூட்டுக்குப் போலாம்.”

யார், என்ன, எந்தச் சாதி, ஏன் தாமதம் என்று ஒரு கேள்வி இல்லை. நடந்தோம். பத்து நிமிடத்தில் அவளுடைய ஊர். புல் வேய்ந்த வீடு, சாணி மெழுகிய தரை, மூலையில் குதிர். மகன், மருமகள், பேரப்பிள்ளைகள் எல்லோரும் ஒரு பக்கமாக நகர்ந்து எங்களுக்கு அடுப்போர இடத்தைக் கொடுத்தார்கள். படி ஏறிய கால்கள் எங்களுக்கு நடுங்கிக்கொண்டிருந்ததைக் கிழவி பார்த்துவிட்டாள். பரண்மேலிருந்து அந்த மயிர் அடர்ந்த கிழங்கை எடுத்தாள். சீவி, கழுவி, அம்மியில் வைத்து நசுக்கி, மிளகு, சீரகம், பூண்டு, சின்ன வெங்காயத்தோடு மண்சட்டியில் கொதிக்க விட்டாள். “குடி கண்ணு, கால் நோவு காலைல இருக்காது.” நாங்கள் அவளை ஆயா என்று கூப்பிடத் தொடங்கியிருந்தோம்.

சாமைச் சோறும் அவரைக்கொட்டைக் குழம்பும் போட்டாள். அவ்வளவு மென்மையான சோற்றை நான் அதற்கு முன் உண்டதில்லை. அது மல்லிச்சாமை என்றாள். கட்டவெட்டிச்சாமை என்று இன்னொன்றும் உண்டாம். மகன்கள் நிலமெல்லாம் குச்சிக்கிழங்கு போட்டுவிட்டார்கள். மரவள்ளியைத்தான் அந்தப் பக்கத்தில் அப்படிச் சொல்வார்கள். சேலத்துச் சவ்வரிசி ஆலைக்கு லாரி வந்து ஏற்றிப் போகும், கையில் காசு நிற்கும். “காசு வருது, வேண்டாங்கல. ஆனா இந்த ஒரு மேட்டுல மட்டும் சாமை போடுவேன், என் வயித்துக்கு” என்றாள். சாமையைக் குத்திப் புடைப்பது பெரிய பாடு என்று மருமகள் உள்ளங்கையைக் காட்டினாள், காய்த்துப் போயிருந்தது. பின்னாளில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தார் அந்த மலையில் சிறுதானிய விதைகளைக் காப்பதற்கும், உமி நீக்கும் இயந்திரங்களை ஊருக்குள் கொண்டுபோவதற்கும் உழைத்ததைப் படித்தபோது, எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது அந்த உள்ளங்கைதான்.

இரவு நாங்கள் தூங்கவில்லை. கீழே அப்பாக்கள் என்ன பாடுபடுகிறார்களோ என்று நெஞ்சு அடித்துக்கொண்டிருந்தது. தொலைபேசி இல்லை. சேந்தமங்கலம்தான் அதிகம் அழுதாள். பொறுப்பு அவளுடைய அப்பாவுடையது.

காலையில் முதல் வண்டி. அதே கண்டக்டர். ஏறியதும் எங்களை முறைத்தார். “மூணு தடவ ஹாரன் அடிச்சேன் பாப்பா. டிரைவர் கால்மணி நேரம் நின்னாரு. நிறைமாசப் புள்ள ஒண்ணு வண்டியில இருந்துச்சு. இல்லன்னா இன்னும் நின்னிருப்போம்.” அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்தார்.

சேந்தமங்கலத்தில் இறங்கினோம். அவளுடைய அப்பா கடையில் உட்கார்ந்து மிளகை எடை போட்டுக்கொண்டிருந்தார். நாங்கள் நால்வரும் வாசலில் வரிசையாக நின்றோம், அடி வாங்கத் தயாராக. அவர் நிமிர்ந்து பார்த்து, “சாப்டீங்களா?” என்றார். மகள் ஓடிப்போய்க் காலைக் கட்டிக்கொண்டாள். அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. “எதுக்குடா அழற? ராத்திரியே கண்டக்டர் வந்து சொல்லிட்டாரே. வண்டிய விட்டுட்டாங்க, டீக்கடைக்கார அம்மாகிட்டச் சொல்லிட்டு வந்திருக்கேன், பத்திரமா இருப்பாங்கன்னாரு. நான் நல்லாத் தூங்கினேன்.”

மழையில் 70 வளைவும் இறங்கி, டிப்போவுக்கு வண்டியை விடுவதற்கு முன், கடைத்தெருவில் நிறுத்தி, சாத்திய கதவைத் தட்டிச் சொல்லியிருக்கிறார்.

பிறகு நான் இரண்டு முறை கொல்லிமலைக்குப் போயிருக்கிறேன், இரண்டு முறையும் காரில். இப்போது முள்ளுக்குறிச்சி வழியாகவும் ஒரு சாலை ஏறுகிறது. சிலை அதே இடத்தில், அருவி அதே இடத்தில். வளைவுப் பலகைகளை ஒன்றுவிடாமல் எண்ணி முடித்தேன். ஆனால் மலையில் இருந்த நேரம் முழுக்க, விடுதிக்காரரைத் தவிர ஒருவரும் என்னிடம் பேசவில்லை, நானும் யாரிடமும் பேசவில்லை. கோயிலருகே டீக்கடை இருந்த இடத்தில் வரிசையாகக் கடைகள். ஆயாவைப் பற்றி விசாரிக்க எனக்கு ஒரு பெயர்கூடத் தெரியவில்லை.

மூன்று நாள் முன்பு மகளும் அவளுடைய தோழிகளும் நாமக்கல்லில் பேருந்து ஏறினார்கள். கார் எடுத்துப் போ என்றேன், கேட்கவில்லை. அவள் இருக்கும் இடத்தைக் கைபேசியில் ஒரு நீலப் புள்ளி காட்டிக்கொண்டே போயிற்று. காரவள்ளி, சோளக்காடு, செம்மேடு. மாலையில் புள்ளி ஓரிடத்தில் நின்றுவிட்டது. கூப்பிட்டால் தொடர்பு எல்லைக்கு வெளியே. இரவு இரண்டு மணிவரை திரையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அப்போதுதான் மளிகைக் கடை வாசலில் அவர் சொன்ன “நல்லாத் தூங்கினேன்” நினைவுக்கு வந்தது. விடிந்ததும் அவள் கூப்பிட்டாள். சிக்னல் இல்லையாம், வேறொன்றுமில்லை.

மகள் எழுந்து கண்ணைக் கசக்கிக்கொண்டு அடுப்படிக்கு வந்தாள். நான் கிழங்கின் மயிரைச் சீவிக்கொண்டிருந்ததைப் பார்த்து நின்றுவிட்டாள்.

“உனக்கு இது செய்யத் தெரியுமாம்மா? நான் யூடியூபில பாத்துச் செய்யலாம்னு வாங்கிட்டு வந்தேன்.”

“மிளகை எடு. சின்ன வெங்காயம் நாலு உரி.”

நசுக்கிக்கொண்டே அவளுக்கு எல்லாவற்றையும் சொன்னேன். எலுமிச்சம்பழம், ரோஜா, ஹாரன், ஆயா, தட்டிய கதவு. இடையில் அவள் பேசவில்லை. சட்டி கொதிக்கத் தொடங்கியது.

“அந்தக் கண்டக்டர் பேரு என்னம்மா?”

“கேக்கவே இல்லடி.”

அவள் வெங்காயத்தை உரித்து முடித்து, தோலைக் கூட்டி அள்ளினாள். நான் அடுப்பைக் குறைத்தேன். சூப்பு வற்ற இன்னும் கொஞ்ச நேரம் ஆகும்.